பெயருக்கு உரியவர் வராத பாடல்கள்: சில இசைத்தட்டுகளின் மதிப்புரை

ஆங்கிலப் பாப் இசையில் பெண்ணின் பெயரைத் தலைப்பாகக் கொண்ட பாடல்களுக்குக் கணக்கில்லை. ஆணின் பெயரைத் தாங்கியவையும் குறைவல்ல. ஆனால் அவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கேட்டுப் பார்த்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். அப்படிக் கேட்கும்போது ஒரு வேறுபாடு மெல்லப் புலப்படுகிறது. பெண் பெயர்ப் பாடல்களில் அழைப்பவர் பெரும்பாலும் காதலர். அழைக்கப்படுபவரும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறார். ஆண் பெயர்ப் பாடல்களில் அழைப்பவர் தம்பியாகவோ, பழைய தோழராகவோ, தந்தையின் நண்பராகவோ, பிந்திய தலைமுறையில் பிறந்த ரசிகராகவோ இருக்கிறார். அழைக்கப்படுபவரோ விமானம் ஏறிப் போய்விட்டார், அல்லது இறந்துவிட்டார், அல்லது தம்மைப் பற்றித்தான் பாடுகிறார்கள் என்று அறியாத சிறுவராக இருக்கிறார். பெயர் தலைப்பில் இருக்கிறது, ஆள் பாட்டில் இல்லை. இந்த வகைப் பாடல்களில் நிலைத்து நின்றவை எல்லாம் அந்த வெற்றிடத்தைச் சரியாகக் கையாண்டவை என்பது என் கணிப்பு. எனக்குப் பிடித்த சில பாடல்களையும், அவற்றை எந்தத் தட்டில் கேட்பது நல்லது என்பதையும் இந்த அளவுகோலை வைத்தே இங்கே மதிப்பிடுகிறேன்.

தலைப்பில் இருப்பது குடும்பப் பெயராக இல்லாமல், வீட்டில் கூப்பிடும் பெயராக இருக்க வேண்டும் என்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டேன். அதனால் போனி எம் குழுவின் ‘ரஸ்புடின்’ வெளியே நிற்கிறது. ஜானி கேஷ் 1969-இல் சான் குவென்டின் சிறைக் கைதிகளுக்கு முன்னால் பாடிய ‘எ பாய் நேம்டு சூ’ ஓர் ஆணைப் பற்றிய பாட்டுதான். ஆனால் மகனுக்குப் பெண் பெயரை வைத்துவிட்டுத் தந்தை ஓடிப்போனதுதான் அதன் கதையே என்பதால், மனமில்லாமல் அதையும் விட்டுவிட்டேன்.

முதலில் சொல்ல வேண்டியது பீட்டில்ஸ் குழுவின் ‘ஹே ஜூட்’. 1968-ஆம் ஆண்டுக் கோடையில் குழுவைச் சேர்ந்த ஜான் லெனனின் மணவாழ்க்கை முறிந்துகொண்டிருந்தது. அவருடைய மனைவி சிந்தியாவையும் ஐந்து வயது மகன் ஜூலியனையும் பார்ப்பதற்காக வெய்பிரிட்ஜுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போன குழுத்தோழர் பால் மெக்கார்ட்னி, வழியில் முணுமுணுக்கத் தொடங்கியதுதான் இந்தப் பாட்டு. முதலில் ‘ஜூல்ஸ்’ என்று சிறுவனின் செல்லப் பெயராக இருந்தது, பாடுவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று ‘ஜூட்’ ஆயிற்று. நண்பனின் வீடு உடையும்போது நண்பனிடமும் பேச முடியாமல், அவன் மனைவியிடமும் முழுதாகப் பேச முடியாமல், அந்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்து ‘வருத்தத்தையே பிடித்துக்கொண்டிராதே’ என்று சொல்லும் நிலை நம் குடும்பங்களில் சித்தப்பாக்களுக்கும் மாமாக்களுக்கும் நன்கு பழக்கமானது. பாட்டு வளர வளர அறிவுரை, சிறுவனுக்குச் சொல்வதிலிருந்து காதலில் தயங்கி நிற்கும் ஓர் இளைஞனுக்குச் சொல்வதாக மாறிவிடுகிறது. தன்னைப் பார்த்துத்தான் பாடுகிறார் என்று லெனனே நினைத்துக்கொண்டார். பெயருக்கு உரியவர் பாட்டுக்குள் வந்து உட்காராததால்தான் அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் உட்கார முடிகிறது.

ஒலிப்பதிவைக் கவனியுங்கள். ஜூலை மாத இறுதியில் லண்டன் சோஹோ பகுதியில் உள்ள டிரைடென்ட் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் குழுவினர் சென்றதற்கு முதன்மையான காரணம், எட்டு ஒலித்தடங்களைத் தனித்தனியாகப் பதியும் எட்டு டிராக் கருவி அங்கே இருந்தது. முதல் சரணத்தில் குரலும் பியானோவும் மட்டும். இரண்டாம் சரணத்தில் கிட்டாரும் கஞ்சிராவைப் போன்ற டாம்பரினும் சேர்கின்றன. ஐம்பது வினாடி அளவில், அந்தச் சரணம் முடியும் தறுவாயில்தான், ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸ் நான்கைந்து அடிகளோடு உள்ளே வருகிறது. பதிவு ஆரம்பித்தபோது ரிங்கோ கழிப்பறைக்குப் போயிருந்ததாகவும், அதை அறியாமல் பியானோவைத் தொடங்கிவிட்ட தமக்குப் பின்னால் அவர் பூனை நடை நடந்துவந்து சரியான இடத்தில் கையை வைத்ததாகவும் மெக்கார்ட்னி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கதை எப்படியிருந்தாலும் அந்த நுழைவு பிசகவில்லை; அதுவரை ஒருவர் இன்னொருவரிடம் தனியாகப் பேசிக்கொண்டிருந்த பாட்டு, அந்த இடத்தில் ஒரு குழுவின் பாட்டாகிறது.

மொத்தம் 7 நிமிடம் 11 வினாடி ஓடும் பாட்டில் சொற்கள் மூன்று நிமிடத்தோடு முடிந்துவிடுகின்றன. மீதி நான்கு நிமிடம் ஒரே இசைவரியையும் அந்தப் பெயரையும் திரும்பத் திரும்பப் பாடுவதுதான். முப்பத்தாறு பேர் கொண்ட வாத்தியக் குழுவைக் கைதட்டவும் கூடப் பாடவும் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் அது தம் தகுதிக்குத் தகாது என்று வெளியேறிவிட்டதாகச் சொல்வார்கள். இவ்வளவு நீளமான பாட்டை வானொலிக்காரர்கள் போட மாட்டார்கள் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அஞ்சினார். அமெரிக்காவில் ஒன்பது வாரம் தொடர்ந்து அது முதலிடத்தில் இருந்தது. இறுதிப் பகுதி தேவைக்கு மேல் நீள்கிறது என்று குறை சொல்பவர்களை இன்றும் பார்க்கலாம். பஜனையில் நாமாவளி சொல்லிப் பழகிய காதுக்கு அந்தக் குறை தோன்றாது என்று நினைக்கிறேன். அறிவுரை முடிந்த பிறகு பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆறுதல் சொல்லப் போனவர்களிடம் சொற்கள் சீக்கிரம் தீர்ந்துவிடுகின்றன.

வாங்க நினைப்பவர்களுக்கு இந்தப் பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. தனி இசைத்தட்டாக வந்ததால், பீட்டில்ஸ் இங்கிலாந்தில் வெளியிட்ட மூல ஆல்பங்கள் எதிலும் இது கிடையாது. 1968-இல் மோனோவாக வந்த தட்டின் பின்பக்கத்தில் ‘ரெவல்யூஷன்’ இருந்தது. 1970-இல் அமெரிக்காவில் இந்தப் பாட்டின் பெயரிலேயே ஒரு தொகுப்பு வந்தபோது ஸ்டீரியோ வடிவம் கிடைத்தது. இன்றைக்கு 1967–1970 பாடல்களைக் கொண்ட நீல அட்டைத் தொகுப்பிலோ, 2000-இல் வந்த ‘1’ என்ற தொகுப்பிலோ இதைக் கேட்கலாம். ‘1’ தொகுப்பின் 2015 பதிப்பைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் புதிதாகக் கலந்த அந்தப் பதிப்பில் பியானோவின் இடக்கைச் சுரங்கள் தெளிவாக நிற்கின்றன, இறுதிக் கோரஸில் குரல்கள் குழம்பாமல் விரிகின்றன. அந்த ஒரே தட்டில் ‘தி பேலட் ஆஃப் ஜான் அண்ட் யோகோ’வும் இருப்பது கூடுதல் ஆதாயம். ஜான் தம்மைப் பற்றித் தாமே பாடிக்கொண்ட அந்தப் பாட்டில் அவரும் மெக்கார்ட்னியும் மட்டுமே எல்லா வாத்தியங்களையும் வாசித்திருக்கிறார்கள். கேட்கச் சுறுசுறுப்பாக இருக்கும், மனத்தில் தங்காது. ‘ஹே ஜூட்’ ஒத்திகையில் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் 1996-இல் வந்த ‘ஆந்தாலஜி 3’ தொகுப்பைத் தேடலாம். ஹெட்போனில் கேட்பவர்கள் மூன்றாவது நிமிடத்தை நெருங்கும்போது பின்னணியில் அழிக்கப்படாமல் நின்றுபோன ஒரு வசைச்சொல்லையும் பிடித்துவிடலாம்.

அதே ஆண்டு முடிவதற்குள் அலபாமாவின் மஸில் ஷோல்ஸ் ஊரில் வில்சன் பிக்கெட் பாடிய வடிவத்தைச் சொல்லாமல் போக முடியாது. பாட்டைப் பாடச் சொல்லி அவரை வற்புறுத்தியவர், அப்போது அதிகம் அறியப்படாதிருந்த கிட்டார் கலைஞர் டுவேன் ஆல்மன். மெக்கார்ட்னி நான்கு நிமிடம் எடுத்துக்கொண்ட இறுதிப் பகுதியை இவர்கள் ஒரு நிமிடத்துச் சொச்சத்தில் முடிக்கிறார்கள். ஆனால் பிக்கெட்டின் அலறலும் ஆல்மனின் கிட்டாரும் ஒன்றையொன்று துரத்தும் அந்த நிமிடத்தில் தட்டின் விலை தேறிவிடுகிறது. ஆறுதலாகத் தொடங்கிய பாட்டு இங்கே அதட்டலாகிவிடுகிறது. ஐந்து வயதுப் பையனை இப்படி மிரட்டக் கூடாது என்றாலும் கேட்க எனக்குப் பிடிக்கிறது.

சக் பெர்ரியின் ‘ஜானி பி. குட்’ 1958 ஜனவரியில் சிகாகோவில் பதிவானது. இதில் அழைப்பு இல்லை. கதை சொல்லும் குரல் ‘போ, போ’ என்று ஜானியை ஊக்கப்படுத்துகிறது, அவ்வளவுதான். எழுத்து வாசனை அதிகம் இல்லாத, லூசியானாவின் மரக்குடில் ஒன்றில் வளரும் பையன் ரயில் பாதையோரம் உட்கார்ந்து கிட்டார் வாசிக்கிறான். ஒருநாள் உன் பெயர் விளக்கொளியில் எழுதப்படும் என்கிறாள் தாய். பாட்டு முடியும்போதும் அவன் பெயர் எங்கும் எழுதப்படவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெயர் வந்த வழியும் சுவையானது. பெர்ரியின் குழுவில் நெடுங்காலம் பியானோ வாசித்த ஜானி ஜான்சனை மனத்தில் வைத்தே ‘ஜானி’ பிறந்தது. ‘குட்’ என்பது செயின்ட் லூயிஸ் நகரில் பெர்ரி பிறந்த தெருவின் பெயர். ஆனால் இந்தத் தட்டில் பியானோ வாசித்திருப்பவர் ஜான்சன் அல்லர், லஃபாயெட் லீக். தம் பெயரில் உள்ள பாட்டிலேயே ஜான்சன் இல்லை! பையனைக் கறுப்பினச் சிறுவன் என்று சொல்ல நினைத்திருந்த பெர்ரி, வானொலியில் ஒலிக்க வேண்டும் என்பதற்காக அதை நாட்டுப்புறத்துச் சிறுவன் என்று மாற்றினார். ஜானி மறைந்துபோவது அந்த ஒரு சொல்லிலும் நடந்திருக்கிறது.

இந்தத் தட்டை வாங்குபவர்கள் ஏமாறாமல் இருக்க ஒரு குறிப்பு. 1960-களின் நடுவில் பெர்ரி செஸ் இசைத்தட்டு நிறுவனத்திலிருந்து மெர்க்குரி நிறுவனத்துக்கு மாறியபோது தம் பழைய பாடல்களை மீண்டும் பாடிப் பதிவு செய்தார். 1967-இல் ‘கோல்டன் ஹிட்ஸ்’ என்று வந்தது அந்தத் தொகுப்பு. பெயரும் அதே, பாடகரும் அதே, பாட்டு மட்டும் அது இல்லை. தொடக்கத்தில் வரும் கிட்டார்ப் பகுதியின் கூர்மை மழுங்கியிருக்கிறது. டிரம்ஸ் ஒழுங்காக இருக்கிறது, உயிரோடு இல்லை. மலிவு விலைத் தொகுப்புகளில் எந்தப் பதிவு என்று அட்டையில் தெளிவாகப் போடாமலே விற்றுவிடுகிறார்கள். அப்படி ஒன்று என் அலமாரியிலும் கிடக்கிறது. 1959-இல் வந்த ‘சக் பெர்ரி இஸ் ஆன் டாப்’ அல்லது 1982-இல் தொகுக்கப்பட்ட ‘தி கிரேட் ட்வென்டி எய்ட்’ என்று பார்த்து வாங்கினால் 1958-ஆம் ஆண்டுப் பதிவு கிடைக்கும். 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றி அனுப்பிய தங்கத் தட்டில் இடம் பெற்றதும் இந்தப் பதிவுதான். அதே தட்டில் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவியும் இருக்கிறது என்பதை நம்மவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. சூரிய மண்டலத்துக்கு வெளியே போய்க்கொண்டிருக்கும் ஒரே கச்சேரியில் இருவரும் அமர்ந்திருப்பதை எண்ணிப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

எல்டன் ஜான் பாடிய ‘டேனியல்’ 1973-இல் வெளியானது. பாட்டை எழுதிய பெர்னி டாபின், வியட்நாம் போரில் காயமுற்று ஊர் திரும்பிய ஒருவரைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருக்கிறார். ஊரார் அவரை வீரராகக் கொண்டாடுகிறார்கள், அவருக்கோ தம்மைச் சும்மா விட்டால் போதும் என்று இருக்கிறது. பாட்டில் இது எதுவும் நேராக இல்லை. அண்ணன் விமானம் ஏறி ஸ்பெயினுக்குப் போகிறான், வாலில் எரியும் சிவப்பு விளக்கைத் தம்பி பார்த்துக்கொண்டு நிற்கிறான், ஆறாத புண்களைப் பற்றியும் ஒளியிழந்த கண்களைப் பற்றியும் இரண்டொரு வரி, அவ்வளவே. போரைப் பற்றித் தெளிவாகச் சொன்ன கடைசிச் சரணத்தை, நீளம் கருதி எல்டன் ஜான் வெட்டிவிட்டார். டாபின் எழுதியது போரின் பாட்டு; வெட்டிய பிறகு கிடைத்தது வழியனுப்பும் பாட்டு. வெட்டியது நல்லதாயிற்று என்பதே என் தீர்ப்பு. அண்ணன் ஏன் போகிறான் என்று தம்பிக்கே முழுதாகத் தெரியாத அளவில் பாட்டு நிற்பதால்தான், வெளிநாட்டு வேலைக்கு அண்ணனை அனுப்பிவிட்டு மீனம்பாக்கத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற தம்பிகளுக்கும் இது பொருந்துகிறது.

இசையில் இரண்டு இடங்களைக் குறிப்பிட வேண்டும். மின்பியானோவின் மென்மையான நாதத்தின்மேல் புல்லாங்குழல் போல ஒலிப்பது புல்லாங்குழல் அன்று. மெல்லோட்ரான் என்ற விசைப்பலகைக் கருவி. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நாடாத்துண்டு வீதம், உண்மையான புல்லாங்குழலின் ஒலி முன்பே பதிவு செய்யப்பட்டிருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். அதனால் அந்த ஒலியில் மூச்சு இருக்கிறது, ஊதுபவர் இல்லை. இந்தப் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வாத்தியம் கிடைத்திருக்காது. இன்னொன்று நைஜல் ஓல்சனின் தாளம். கிலுகிலுப்பை போன்ற மரக்கஸின் சலசலப்பு தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே சீராக ஓடுகிறது, குரல் தழுதழுக்கும் இடத்திலும் அது மாறுவதில்லை. பிரான்சின் எருவில் அரண்மனையில் பதிவான ‘டோன்ட் ஷூட் மீ’ ஆல்பத்தில் இதுதான் முதல் பாட்டு. ஆல்பத்தின் மற்ற பாட்டுகளில் பாதி சுமார் ரகம் என்பதால், செலவை எண்ணுபவர்கள் 1974-இல் வந்த ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுப்பை வாங்குவதே லாபம்.

டான் மெக்லீனின் ‘வின்சென்ட்’ பலருடைய பட்டியலில் முதலிடம் பெறும், என்னுடையதில் பெறாது. ஓவியர் வின்சென்ட் வான் கோவைக் குடும்பப் பெயரை விட்டுவிட்டு அழைத்தது சரியான தேர்வு. தம் ஓவியங்களில் அவர் ‘வின்சென்ட்’ என்று மட்டுமே கையெழுத்திட்டார். 1971-இல் வந்த ‘அமெரிக்கன் பை’ ஆல்பத்தில் மூன்றாவதாக இருக்கும் இந்தப் பாட்டுக்குப் பெரிய வாத்திய ஆரவாரம் கிடையாது. கிட்டாரின் கம்பிகளை விரல்கள் ஒவ்வொன்றாக மீட்ட, பிற வாத்தியங்கள் அங்கங்கே தொட்டுவிட்டு ஒதுங்குகின்றன. ஓவியங்களின் நிறங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகும் பாட்டில், பெயர் ஒரே ஒரு முறைதான் வருகிறது. அதுவும் அவர் உயிரை மாய்த்துக்கொண்டதைச் சொல்லும் வரியை அடுத்து வருகிறது. பெயரை இவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்திய பாட்டுகள் அரிது.

என் மனத்தாங்கல் அந்த இடத்தில்தான். இத்தனை அழகான மனிதருக்கு இந்த உலகம் ஏற்றதல்ல என்று முன்பே சொல்லியிருப்பேனே என்கிறார் பாடகர். எண்ணூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதி, நிறங்களையும் தூரிகையையும் கித்தானின் விலையையும் பற்றித் தம்பி தியோவிடம் விடாமல் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த, பத்தே ஆண்டுகளில் எண்ணூற்றுக்கும் மேற்பட்ட எண்ணெய் ஓவியங்களைத் தீட்டி முடித்த உழைப்பாளியை இந்தப் பாட்டில் காணோம். இருப்பவர் உலகம் புரிந்துகொள்ளாத மென்மையான ஒரு துறவி. நோயில் வாடியவரின் சாவுக்கு அழகு சேர்ப்பது எனக்கு ஒப்பவில்லை. இறந்தவர் பதில் சொல்ல மாட்டார் என்பதால் பாடகருக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. ஆயினும் மெட்டின் பலம் பெரியது. 1972-இல் இங்கிலாந்தில் இது முதலிடத்துக்கு வந்ததில் வியப்பில்லை. ஆல்பத்தை முழுதாக வாங்குங்கள், தலைப்புப் பாட்டுக்காகவே வாங்கலாம்.

ஆபா குழுவின் ‘ஃபெர்னாண்டோ’வைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1975-இல் ஸ்வீடிஷ் மொழியில் குழுவின் பாடகி ஃப்ரிடா தனியாகப் பாடியபோது அது காதலை இழந்த ஒருவரைத் தேற்றும் பாட்டு; மறு ஆண்டு ஆங்கிலத்தில் வந்தபோது பழைய போராளிகள் இருவர் முதுமையில் ஒரு போர் இரவை நினைவுகூரும் பாட்டாகிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. கதை எதுவாயினும் அந்த மூன்று அசைகளின் ஓசை மெட்டில் பொருந்திவிட்டது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பதினான்கு வாரம் முதலிடத்தில் இருந்ததாம். சிறு முழவுகளும் குழலிசையும் இனிமையாக இருக்கின்றன. போரில் தோற்றவர்கள் இத்தனை இனிமையாக நினைவுகூர்வார்களா என்பதுதான் கேள்வி. பதினான்கு வயது மைக்கேல் ஜாக்சன் 1972-இல் பாடி முதலிடம் பெற்ற ‘பென்’ பாட்டில் பென் என்பது ஓர் எலியின் பெயர் என்பதைத் தெரியாமலே நட்புக்கு எடுத்துக்காட்டாக அதைக் கேட்டு உருகியவர்கள் உண்டு. திரைப்படத்துக்காக எழுதிய பாட்டு அது. தெரிந்த பிறகும் உருகலாம், குரல் அப்படி.

ஜிம்மி டீன் 1961-இல் வெளியிட்ட ‘பிக் பேட் ஜான்’ பாட்டை இன்று கேட்பவர்கள் குறைவு. சுரங்கத்தில் வேலை செய்யும், அதிகம் பேசாத ஆஜானுபாகுவான ஒருவர், சுரங்கம் இடிந்தபோது உத்தரத்தைத் தாங்கிப் பிடித்து மற்றவர்களைத் தப்பிக்க வைத்துவிட்டு உள்ளேயே மாண்டுபோகிறார். பாட்டு பெரும்பகுதி பேச்சாகவே செல்கிறது. கதையைவிட எனக்குப் பிடித்தது அதில் தாளமாக விழும் ‘டங்’ என்ற ஓசை. பியானோ வாசிக்க வந்திருந்த ஃபிளாய்ட் கிரேமர், பியானோவை விட்டுவிட்டு ஓர் இரும்புத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டுச் சுத்தியலால் அடித்திருக்கிறார். கதை நகரும் வேகத்தை, கதை சொல்லும் குரலைவிட அந்த இரும்புதான் தீர்மானிக்கிறது.

தலைப்பில் மூன்று பெயர்களைக் கொண்ட ‘ஆப்ரஹாம், மார்ட்டின் அண்ட் ஜான்’ 1968-இன் பாட்டு. அந்த ஆண்டு ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கும் ஜூனில் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்டதை ஒட்டி டிக் ஹாலர் எழுதினார்; அதற்கு முன்பு அவர் பெயர் பெற்றது ஸ்னூப்பி என்ற கார்ட்டூன் நாய் விமானச் சண்டை போடும் வேடிக்கைப் பாட்டுக்காக என்பது நம்பக் கடினமான செய்தி. டியான் பாடினார். லிங்கன், கிங், ஜான் கென்னடி ஆகிய மூவரையும் தெருவில் பழகிய நண்பர்களைப் போல முதற்பெயரால் குறிப்பிட்டு, ‘அவர் எங்கே போனார், பார்த்தீர்களா’ என்று ஒவ்வொரு சரணத்திலும் கேட்கிறார். தலைப்பில் இல்லாத பாபி, அதாவது ராபர்ட் கென்னடி, கடைசிச் சரணத்தில் மற்ற மூவரோடும் மலைமேல் நடந்துபோகிறார். குரலை உயர்த்தாமல், குற்றம் சாட்டாமல், யாழ் வகையைச் சேர்ந்த ஹார்ப்பின் பின்னணியில் பாடப்படுவது சிலருக்குச் சர்க்கரை கூடியதாகத் தோன்றலாம். எனக்கு அது அடக்கமாகவே படுகிறது. வின்சென்ட்டுக்குச் செய்த அலங்காரம் எதையும் இந்த நால்வருக்கும் செய்யவில்லை.

இதுவரை சொன்னதற்கெல்லாம் விலக்காக நிற்பது சூசன் வேகாவின் ‘லூகா’. இங்கே பெயருக்கு உரியவனே பேசுகிறான். மாடி வீட்டுப் பையன் கீழ்வீட்டுக்காரரிடம் தன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்கிறான். இரவில் ஏதாவது சத்தம் கேட்டால் என்னவென்று என்னைக் கேட்காதீர்கள், கதவில் மோதிக்கொண்டேன் என்கிறான். வீட்டில் அடி வாங்கும் குழந்தை என்று பாட்டு எங்கும் விளக்குவதில்லை. 1987-இல் இப்படி ஒரு பொருளைப் பற்றிய பாட்டு அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம்வரை ஏறியதற்கு ஒரு காரணம், மெட்டு கேட்பதற்குத் தெளிந்த வானம் போல இருப்பது. சோக ராகத்தில் அமைத்திருந்தால் நாம் இரக்கப்பட்டுவிட்டு நகர்ந்திருப்போம்; கிட்டாரின் மலர்ச்சியும் பையனின் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்ற குரலும் ஒத்துப்போவதால், கீழ்வீட்டுக்காரர்களைப் போலவே நாமும் முதல் சில முறை கேட்டும் கேட்காமல் இருந்துவிடுகிறோம். வேகாவின் குரலில் நடுக்கம் இல்லை, அழுகை இல்லை. மற்ற பாடல்களில் ஆள் இல்லாமல் பெயர் இருந்தது. இதில் ஆள் எதிரே நிற்கிறான், பார்க்கத்தான் ஒருவரும் இல்லை.

அதே ‘சாலிட்யூட் ஸ்டாண்டிங்’ ஆல்பத்தின் முதல் பாட்டு ‘டாம்ஸ் டைனர்’. டாம் என்ற பெயர் தலைப்பில் இருக்கிறதே தவிர, பாட்டில் டாம் வருவதே இல்லை. நியூயார்க்கில் பிராட்வேயும் 112-ஆம் தெருவும் சேரும் முனையில் உள்ள டாம்ஸ் ரெஸ்டாரன்ட்டில் ஒரு பெண் காப்பிக்குக் காத்திருக்கிறாள், பத்திரிகை புரட்டுகிறாள், மழையைப் பார்க்கிறாள், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போகிறாள். வாத்தியமே இல்லாமல் வெறும் குரலில் பாடப்பட்டது. வாசிப்பவர் யாரும் ஒளிந்துகொள்ள இடமில்லாத இந்தப் பதிவைத்தான் ஜெர்மனியில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், ஒலியைச் சிறிய கோப்பாகச் சுருக்கும் எம்பி3 முறையைச் செப்பனிடும்போது சோதனைக்கு எடுத்துக்கொண்டார். வாத்திய இரைச்சலில் மறைந்துவிடும் சுருக்கக் குறைகள் எல்லாம் அந்தத் தனிக்குரலில் கரகரப்பாக வெளியே தெரிந்தன. குரல் தேறும்வரை முறையைத் திருத்தினார்கள்.

ஆகவே இந்தத் தட்டை வாங்குபவர்கள் தங்கள் ஒலிபெருக்கியையும் ஹெட்போனையும் இதே பாட்டால் சோதித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வரி தொடங்குவதற்கு முன்னும் மூச்சு இழுக்கும் ஓசை கேட்க வேண்டும். கைபேசியில் இணையச் சேவை வழியாகக் கேட்பவர்கள் அமைப்புகளில் ஒலித்தரத்தை உச்சத்துக்கு மாற்றிவிட்டுக் கேட்பது நல்லது, தாழ்ந்த தரத்தில் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் சீறுகின்றன. 1990-இல் டிஎன்ஏ என்ற இருவர் அனுமதியின்றித் தாளம் சேர்த்து வெளியிட்டு, பிறகு வேகாவின் நிறுவனமே விலை கொடுத்து வாங்கிக்கொண்ட நடன வடிவம்தான் தேடலில் பெரும்பாலும் முதலில் வந்து நிற்கும். அதுவும் கேட்கத் தகுந்ததே, ஆனால் நாம் பேசுவது அது அன்று. ஆல்பத்தின் இறுதியில் இதே மெட்டு சொற்களே இல்லாமல் வாத்தியங்களில் மீண்டும் வருகிறது. ஆண் பெயர் கொண்ட இரண்டு நல்ல பாட்டுகள் ஒரே தட்டில் அடுத்தடுத்து வேண்டுமென்றால், மேலே சொன்னவற்றில் நான் முதலில் எடுத்துத் தருவது இதைத்தான்.